நீடாமங்கலம் கேட்

காலை ஏழு. அங்கே பத்தரை.
கேட் போட்டாச்சு.
நெல் ஏற்றிய வேகன்களை எஞ்சின்
முன்னே இழுக்கிறது, பின்னே தள்ளுகிறது,
மறந்த கணக்கை யோசிப்பதுபோல் நிற்கிறது.

ஸ்கூட்டியை அணைத்தேன்.
காதில் ஒயர், ஹெல்மெட் மேல் நோட்டு.
நிஷிமுரா சான் திரையில் வந்து தலை குனிந்தார்.
நானும் குனிந்தேன்.
பக்கத்து டிவிஎஸ்காரர்
நான் எதையோ தவறவிட்டதாக நினைத்துத்
தரையில் தேட ஆரம்பித்தார்.

முதல் ஆறு மாதம் மொழி,
பிறகு மூன்று வருடம் முனைவர் பட்டம்.
இவர் வாரம் ஒருமுறை வருபவர்,
அதற்கப்புறம் என்ன என்று கேட்பதற்காகவே.
எங்கள் வீட்டில் படிப்புக்கு முன்னால் உள்ளதெல்லாம் தெரியும்:
கடன், கல்லூரி பஸ், அடகுக் கடை ரசீது.
அப்புறம் என்று ஒன்று இருப்பதை
யாரும் சொல்லி வைக்கவில்லை.
கியாரியா என்கிறார் அவர்.
ஹாண்டில்பாரில் தொங்குகிறது என்னுடையது,
மூன்று அடுக்கு, மேலடுக்கில் சட்னி.

படிவத்தில் பத்துக் கட்டத்தைத் தின்றுவிட்டது
மங்கையர்க்கரசி.
அவர் சிரிப்பை அடக்கினார்,
மன்னிப்புக் கேட்டார், பிறகு சொல்லிவிட்டார்:
எங்கள் மொழியில் உங்கள் பெயரின்
தலை படக்கதை, வால் கடுகு.
நேர்காணலில் மறக்க மாட்டார்கள், நல்லது.

அடுத்த கேள்வி: ஏன் இந்த ஆராய்ச்சி?
நானூறு எழுத்துக்குள்.
சிறுவயதிலிருந்தே வேளாண்மையில் ஆர்வம்
என்று எழுதியிருந்தேன்.
எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள் என்றார்,
கோபமில்லாமல்.

ஆர்வமெல்லாம் இல்லை, சான்.
ஒரு ஐப்பசி ராத்திரி
கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போதவில்லை.
சாயங்காலம் ஒரு மெஷினில் பத்தொன்பது ஈரம்,
எடுக்க மாட்டோம் என்றார்கள்.
விடிந்ததும் இன்னொரு மெஷினில் பதினாறு.
அதே மூட்டை. இடையில் பெய்தது மழை.
எந்த மெஷின் பொய் சொன்னது என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஜப்பானிய மொழியில் சொன்னேனா?
இல்லை. வினைச்சொல் கடைசியில் வரும் மொழிதான்,
நம்மைப்போல; ஆனாலும்
கடைசிவரை போவதற்குள் மூச்சு முட்டியது.
மோமி என்றேன். நெல். நனைந்த மோமி.
ரெண்டு கையிலும் ரெண்டு மெஷினைப் பிடித்துக் காட்டினேன்.
கேட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
இதை எழுதுங்கள்.

ஈரம் அளக்கும் கருவி செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன,
பட்டம் முடித்தவர்களை எடுப்பார்கள் என்றார்.
எல்லாரையும் இல்லை.
கூட்டமெல்லாம் ஜப்பானிய மொழியில்தான்,
இரண்டாம் நிலைத் தேர்வு கட்டாயம்,
வேண்டாத நம்பிக்கை தர எனக்கு உரிமையில்லை.
நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்:
அப்பா தூக்கும் மூட்டைக்குள் இறங்கும் குத்தூசியில்
என் கை இருந்தால்
அது அவர் பக்கமா, ஆபீஸ் பக்கமா?

ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?

மோதொரிமாசு, திரும்பி வருவேன் என்றேன்.
வீட்டுக்குத் திரும்புவதென்றால்
வேறு சொல் உண்டே, அவர் நிதானமாகச் சொன்னார்.
நீங்கள் சொன்னது
இருந்த இடத்துக்கே பின்வாங்குவது,
அல்லது...

எஞ்சின் மறுபடி பின்னுக்கு வந்தது.
அந்த அல்லது என்னவென்று கேட்கவில்லை.
கேட் தூக்கியாச்சு,
ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன்,
திரையில் அவர் வாய் மட்டும் அசைந்தது.
தலை குனிந்தேன். டிவிஎஸ்காரரும்
எதற்கோ குனிந்தார்.

வேகன் நிழலில் அப்பா
கழுத்துத் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.
எங்கடி இவ்வளவு நேரம், பசி.
கேரியரை நீட்டினேன்.
சட்னி ஒழுகி, நோட்டின் ஓரத்தில்
இரண்டு சொல்லில் ஒன்று அழிந்திருந்தது.